பாண் மாமாவும் ஸூரா அல்-ஹுஜுராத்தும்





இது சற்று நீண்ட பதிவு. நேரமுள்ளபோது வாசியுங்கள். இதில் எமது பிழை ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்த ஸூராவைப் பற்றி எழுத மனம் இடம் தரவில்லை.

எமது ஒழுங்கைக்குப் பல வருடங்களாக ஒரு பாண்காரர் வருகிறார். சிங்கள சகோதரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். காலை ஆறரைக்கும் பின்னேரம் நாலரைக்கும் அவருடைய முச்சக்கர வண்டியின் சங்கீதம் சந்தியில் கேட்கும்போதே பிள்ளைகள் காசைப் பொத்திக்கொண்டு படலைக்கு ஓடுவார்கள். பெரியவர்களுக்கு அச்சுப்பாண், பிள்ளைகளுக்குக் கிம்புலா பணிஸ். சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'பாண் மாமா'. நாம் 'அய்யே' என்று கூப்பிடுவோம்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வியாழக்கிழமை இரவு வட்ஸ்அப்பில் எமக்கு ஒரு வொய்ஸ் வந்தது. ஒரு நிமிடம் கூட இல்லை. ஒரு பெண் குரல் பதறிப் பதறிப் பேசியது. இந்தப் பக்கம் வரும் பாண் வண்டியில் விற்கும் பணிஸில் பன்றிக் கொழுப்பு பூசுகிறார்களாம். அங்கே வேலை செய்த ஒருவர் கண்ணால் கண்டு சொன்னாராம். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாமாம். எந்த பேக்கரி, வேலை செய்தவர் யார், பேசும் பெண் யார் என்ற எதுவும் அதில் இல்லை. ஆனால் எமது ஒழுங்கைக்கு வருவது ஒரே ஒரு பாண் வண்டிதான். பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

நாம் என்ன செய்தோம்? ஒழுங்கைக் குரூப்பிலும் எமது வகுப்புப் பெற்றோர் குரூப்பிலும் அதைப் போட்டோம். கீழே ஒரு வரியும் எழுதினோம்: உறுதியாகத் தெரியாது, இருந்தாலும் பேணுதலுக்காகப் பகிர்கிறோம் என்று. எழுதிவிட்டு நிம்மதியாக வித்ரு தொழுதுவிட்டுத் தூங்கினோம்.

அடுத்த நாள் காலையில் அவர் வந்தார். யாரும் படலைக்கு வரவில்லை. சனிக்கிழமையும் வந்தார். இரண்டு வீட்டில் மட்டும் அரை றாத்தல் பாண் வாங்கினார்கள், அதுவும் அந்த வொய்ஸ் கிடைக்காத வயதானவர்கள். ஒரு கிழமைக்குள் சங்கீதம் நின்றது. நாம் அதைக் கவனித்ததாகவும் சொல்ல முடியாது. கடையில் பாண் வாங்கப் பழகிவிட்டோம்.

மூன்றாவது கிழமை பத்தாம் தரத்தில் எமக்கு இஸ்லாம் பாடம். அன்று ஸூரா அல்-ஹுஜுராத்.

உங்களில் பலருக்கு மனனமாக இருக்கும் ஸூராதான். அல்குர்ஆனின் 49 ஆவது அத்தியாயம், 18 வசனங்கள், மதீனாவில் இறங்கியது. ஹுஜுராத் என்றால் அறைகள். நபி (ஸல்) அவர்களின் மனைவியர் வாழ்ந்த சின்னஞ்சிறு அறைகளே அவை. பாலைவனத்திலிருந்து வந்த சிலர் அந்த அறைகளுக்கு வெளியே நின்று, நபியவர்கள் வரும்வரை பொறுக்காமல், பெயர் சொல்லிச் சத்தமிட்டு அழைத்தார்கள். அந்தப் பழக்கத்தைக் கண்டிக்கும் வசனத்திலிருந்துதான் ஸூராவுக்கு இந்தப் பெயர் வந்தது. பதினெட்டு வசனங்களுக்குள் விசுவாசிகளே என்ற அழைப்பு ஐந்து தடவை வருகிறது. மனிதர்களே என்று முழு உலகத்தையும் அழைப்பது ஒரே ஒரு தடவை. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆறாவது வசனத்துக்கு வந்தோம்.

தீயவன் ஒருவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு, செய்ததற்காக வருந்துபவர்களாக ஆகிவிடுவீர்கள் என்பது அந்த வசனத்தின் கருத்து. வழமை போல 2018 ஐ உதாரணம் காட்டினோம். வதந்தியை நம்பி எமது சமூகத்துக்கு என்ன செய்தார்கள் பாருங்கள் என்று குரலை உயர்த்திச் சொன்னோம். அப்போது பின்வரிசையில் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். மரியாதையான பிள்ளை. கேலி எதுவும் இல்லாமல் கேட்டாள்.

"சேர், பாண் மாமாட வொய்ஸ நீங்களும் போட்டீங்க தானே? உம்மாட ஃபோன்ல பார்த்தேன். அது விசாரிச்சுப் பார்த்தா போட்டீங்க?"

வகுப்பு அமைதியானது. எமக்கு முதலில் வந்தது கோபம். "அது வேற விஷயம், உட்காருங்க" என்றோம். அவள் உட்கார்ந்தாள். மணியடிக்கும் வரை பாடம் நடத்தினோம். என்ன நடத்தினோம் என்று எமக்கே நினைவில்லை. இடைவேளையில் ஆசிரியர் அறையில் வைத்த பிளேன்டீ ஆறிப்போனது. அது வேற விஷயம் இல்லை, அதே விஷயம்தான் என்று எமக்குத் தெரியும்.

2018 ஐ இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வரிசையை ஒருமுறை நினைவுபடுத்துகிறோம், ஏனென்றால் இப்போது பத்தாம் தரத்தில் இருப்பவர்கள் அன்று சின்னஞ்சிறுசுகள். பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் மலட்டு மாத்திரை போட்டிருப்பதாகக் கிளப்பினார்கள். கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலையும் தாக்கினார்கள். மனிதனை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே மருத்துவத்தில் இல்லை. அந்தக் கட்டி வெறும் மாப்பொருள் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். அறிக்கை வரும்போது கடையும் இல்லை, வாகனங்களும் இல்லை.

அதே நாட்களில், பெப்ரவரி 22 ஆம் திகதி, தெல்தெனியவில் வீதியில் ஏற்பட்ட ஒரு தகராறில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினார்கள். அவர் மார்ச் ஆரம்பத்தில் வைத்தியசாலையில் இறந்தார். அது வதந்தியல்ல, எமது பக்கத்தில் நடந்த குற்றம். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சிலரின் குற்றத்தைச் சமூகத்தின் சதியாக மாற்றிய செய்திகள் ஃபோன்களில் பறந்தன. மார்ச் 5 ஆம் திகதி திகன எரிந்தது. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞன் உயிரிழந்தான். கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மெனிக்ஹின்ன என்று தீ பரவியது. 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம். 7 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் முடக்கப்பட்டன. இரண்டு வருடம் கழித்து, 2020 மே மாதத்தில், அந்த வன்முறையில் தமது தளம் பயன்படுத்தப்பட்ட விதத்துக்காக பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது.

அந்த இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை உள்ளறையில் படுக்கவைத்துவிட்டு, வாசலில் விழித்திருந்த வாப்பாமாரில் நாமும் ஒருவர். வந்த செய்திகளில் உண்மையும் இருந்தது, பொய்யும் இருந்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. எம்மைப் பற்றி இப்படியெல்லாம் பேசுகிறார்களே, ஒருவராவது எம்மிடம் வந்து கேட்டார்களா என்று அன்று அழுதோம். அடுத்த வருடம் குருநாகல் வைத்தியர் ஒருவரைப் பற்றிக் கிளம்பிய பழியின்போதும் அதையே கேட்டோம். விசாரணையாளர்கள் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லும் வரை அந்த மனிதரும் குடும்பமும் பட்டது போதும்.

அம்பாறையில் கொத்துக்குள் மாத்திரை. எமது ஒழுங்கையில் பணிஸுக்குள் கொழுப்பு. எரிக்கப்பட்ட கடையும் விற்பனை நின்ற வண்டியும் ஒன்றல்ல, தீங்கின் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் செய்தி வந்த விதம் ஒன்று. உணவு, அயலவர், மறைவான சதி, யாரோ கண்ட சாட்சி. கேட்டவர்கள் விசாரிக்காத விதமும் ஒன்று.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் ஒரு நானாவையும் கூட்டிக்கொண்டு பாண்காரரின் இடத்துக்குப் போனோம். பிரதான வீதியிலிருந்து கீழே இறங்கினால், வீட்டோடு சேர்ந்த விறகுப் போறணை. அவர் தகரத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. இரண்டாம் நாளே அந்தக் கதை தமக்குத் தெரியும் என்றார். உள்ளே கூட்டிப்போய் மாஜரீன் பெட்டிகளைக் காட்டினார். பெட்டியில் ஹலால் இலச்சினை இருந்தது. மாவும் மாஜரீனும் வாங்கிய பில்களைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தோம். நகரத்தில் எமது ஆட்களின் மொத்தக் கடை ஒன்றின் பில். வருடக்கணக்காக அங்கேதான் வாங்குகிறாராம்.

"அய்யே, தெரிந்திருந்தும் ஏன் எங்களிடம் வந்து சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"வந்து என்ன சொல்ல, சேர்? சொன்னால் நம்புவீங்களா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். எமக்குத்தான் தலை நிமிரவில்லை. 2018 இல் எமது வீடுகளுக்குள் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வார்த்தை அது. அதே வார்த்தையை எம்மைப் பார்த்துச் சொல்லும் நிலைக்கு ஒரு மனிதரை நாம் கொண்டுவந்து விட்டோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவர் இன்னொன்றை நினைவுபடுத்தினார். 2018 மார்ச்சில் ஊரடங்கைச் சில மணித்தியாலம் தளர்த்தியபோது, கடைகள் திறக்காத அந்த ஒழுங்கைக்குள் முதலில் வந்தது அவருடைய வண்டிதானாம். சங்கீதம் போடாமல் வந்தாராம். சத்தம் கேட்டால் நாங்கள் பயந்துவிடுவோம் என்று. நாம் அதை மறந்தே போயிருந்தோம்.

அன்றிரவு ஸூராவை முதலிலிருந்து மீண்டும் ஓதினோம். எத்தனையோ தடவை ஓதிய, எத்தனையோ வருடம் கற்பித்த ஸூரா. அன்று வேறு மாதிரிக் கேட்டது. அப்போது புரிந்ததைத்தான் உங்களோடு பகிர விரும்புகிறோம்.

முதலாவது, ஆறாவது வசனத்தில் கட்டளை யாருக்கு என்று பாருங்கள். பொய்ச் செய்தி கொண்டுவருபவனுக்கு அங்கே ஒரு கட்டளையும் இல்லை. பொய்யனைக் கண்டிக்கும் வசனங்கள் வேறு இடங்களில் ஏராளம் உண்டு. இங்கே அல்லாஹ் பேசுவது செய்தியைக் கேட்பவனோடு. விசுவாசிகளே என்று அழைத்துச் சொல்வது எம்மை. நாமோ 2018 க்குப் பிறகு இந்த வசனத்தைப் பிறருக்கு எதிரான சாட்சியாகத்தான் பயன்படுத்தி வந்தோம். மேடையில், ஜும்ஆவில், சகவாழ்வுக் கூட்டங்களில் எல்லாம் எமது மார்க்கம் வதந்தியைத் தடுக்கிறது என்று பெருமையோடு சொன்னோம். தடுப்பது எங்களை என்பதை விட்டுவிட்டோம்.

தப்ஸீர் நூல்களில் இந்த வசனம் இறங்கிய பின்னணியாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. பனூ முஸ்தலிக் கோத்திரத்தாரிடம் ஸகாத் வசூலிக்க ஒருவர் அனுப்பப்பட்டார். அவரை வரவேற்க அந்த மக்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். முன்பிருந்த பகையை நினைத்துப் பயந்த அவர் பாதிவழியில் திரும்பி, அவர்கள் ஸகாத்தை மறுத்துவிட்டார்கள், தன்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டார். மதீனாவில் கொந்தளிப்பு. விசாரித்துப் பார்த்தபோது அந்த ஊரில் பாங்கு ஒலித்தது, தொழுகை நடந்தது. வரவேற்க வந்த கூட்டம் தாக்க வந்த கூட்டமாகத் தெரிந்ததற்குக் காரணம் பயம். பயந்த மனம் கண்ணால் கண்டதைக்கூடப் பிழையாகச் சொல்லும் என்றால், ஐந்து கை மாறி வந்த குரலை எப்படி நம்புவது?

அந்த வசனத்தில் வரும் சொல்லுக்கு இரண்டு ஓதல் முறைகள் இருக்கின்றன. ஒன்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற பொருள் தரும். மற்றது உறுதியாகும் வரை நிதானியுங்கள் என்ற பொருள் தரும். தேடிப் போய் விசாரிக்க எல்லோராலும் முடியாது. ஆனால் நிதானிக்க எல்லோராலும் முடியும். விரலை எடுத்துவிட்டால் போதும். நாம் இரண்டையும் செய்யவில்லை.

இன்னொன்று, ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடுவீர்கள் என்றுதான் வசனம் எச்சரிக்கிறது. இன்ன மதம், இன்ன இனம் என்று அந்தக் கூட்டத்துக்கு அடைமொழி இல்லை. பாண் மாமா நோன்பு நோற்பவரா, தன்சல் கொடுப்பவரா என்று அந்தச் சொல் பார்ப்பதில்லை.

இரண்டாவது, பேணுதல் என்ற சொல். ஹராமான ஒரு கவளம் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்ற பயம் நல்லது. அல்லாஹ் அதை எம்மிடமிருந்து எடுத்துவிடக் கூடாது. ஆனால் வயிற்றுக்கு இருந்த பேணுதல் நாவுக்கு இருக்கவில்லை. சந்தேகமான பணிஸை நாம் சாப்பிடாமல் விட்டிருக்கலாம், அது எமது உரிமை. அவரிடமே போய்க் கேட்டிருக்கலாம், அது அதைவிட நல்லது. சந்தேகத்தை நூற்றுக்கணக்கான ஃபோன்களுக்கு ஏற்றிவிட்டு அதற்குப் பேணுதல் என்று பெயர் வைத்தோமே, அதுதான் பிழை. கேட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. உறுதியாகத் தெரியாது என்று அடியில் எழுதிவிட்டால் அந்த ஹதீஸிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்தோம். உறுதியாகத் தெரியாது என்பதுதானே அனுப்பாமல் விடுவதற்கான காரணம்?

மூன்றாவது, ஸூராவின் ஒழுங்கு. முதலில் குரலைத் தாழ்த்தச் சொல்கிறது. பிறகு செய்தியை விசாரிக்கச் சொல்கிறது. பிறகு சண்டையிடும் இரு தரப்பை நீதியோடு சேர்த்துவைக்கச் சொல்கிறது. பிறகு ஆண்கள் ஆண்களையோ, பெண்கள் பெண்களையோ கேலி செய்ய வேண்டாம், பட்டப் பெயர் சூட்ட வேண்டாம் என்கிறது. பிறகு வீண் சந்தேகம், துருவித் துருவி ஆராய்தல், புறம் பேசுதல். அதற்குப் பிறகுதான் பதின்மூன்றாவது வசனத்தில் முழு மனித குலத்தையும் கூப்பிட்டு, ஓர் ஆணிலிருந்தும் ஒரு பெண்ணிலிருந்தும் உங்களைப் படைத்தோம், ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கினோம், அல்லாஹ்விடம் கண்ணியமானவர் தக்வா கூடியவரே என்ற கருத்தைச் சொல்கிறது.

நாம் மேடைகளில் பதின்மூன்றாவது வசனத்தை மட்டும் ஓதுகிறோம். கேட்க அழகாக இருக்கும், எல்லா மதத்தவரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்த வசனத்துக்குப் போகும் வழி முன்னால் இருக்கும் பன்னிரண்டு வசனங்களுக்கு ஊடாகத்தான் இருக்கிறது. குரல், செய்தி, கேலி, சந்தேகம், புறம். இந்தப் படிகளில் ஏறாதவர் அந்த மேடையில் நிற்க முடியாது.

இதே படிகளைத் தலைகீழாக இறங்கினால் திகன வரும். எங்கேயோ ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு கேலிச் சொல் பிறக்கும். அது சந்தேகமாகும். சந்தேகம் இருக்கும் இடத்தில் வரும் எந்தச் செய்தியும் உண்மையாகத் தெரியும். 1915 மே மாதத்தில் கண்டி காசில் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே பெரஹர வாத்தியம் சம்பந்தமாகத் தொடங்கிய மோதல் சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. அன்று ஃபோன் இல்லை. வாய்களே போதுமாக இருந்தன. எம்மை இழிவாகக் கூப்பிட அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, கேட்டால் வலிக்கும். அவர்களைக் குறித்து எமது அடுப்படிகளில் புழங்கும் சொற்கள் என்னென்ன? இங்கே எழுத மாட்டோம். உங்களுக்குத் தெரியும். எமது பிள்ளைகளுக்கும் தெரியும்.

அறிந்துகொள்வது என்றால் என்ன? மலையக இராச்சிய காலத்தில், போர்த்துக்கேயர் முஸ்லிம்களை விரட்டியபோது செனரத் மன்னன் அவர்களுக்குக் கிழக்கில் இடம் கொடுத்தான் என்று வரலாறு படிக்கிறோம். தவளம் மாடுகளில் உப்பும் பாக்கும் சுமந்து மலையேறிய எமது மூதாதையர் மடிகே என்ற அரச போக்குவரத்துப் பிரிவில் கடமை செய்தார்கள். அவர்களுக்கு வழியில் இருந்த ஒவ்வொரு கிராமமும், அங்கே யார் நோயாளி, யார் கடன்காரர் என்பதும் தெரிந்திருக்கும். எமக்கோ இவ்வளவு வருடமாக வாசலில் பாண் தந்தவரின் போறணை எங்கே இருக்கிறது என்று அந்தப் பின்னேரம்தான் தெரிந்தது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நான்காவது, ஸூராவின் முடிவு. நாங்கள் ஈமான் கொண்டுவிட்டோம் என்று சொன்ன நாட்டுப்புற அரபிகளுக்கு, கட்டுப்பட்டோம் என்று சொல்லுங்கள், ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை என்று பதில் வருகிறது. இத்தனை ஒழுக்கங்களைச் சொன்ன பிறகு இதை ஏன் இங்கே வைத்தான் என்று முன்பெல்லாம் யோசித்ததில்லை. வித்ரு தொழுத அதே இரவில் அந்த வொய்ஸை அனுப்பிய எமக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது.

ஸூராவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஸாபித் இப்னு கைஸ் (ரழி) அவர்களின் சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. இயல்பிலேயே உரத்த குரல் உடையவர். நபியின் குரலுக்கு மேல் குரலை உயர்த்த வேண்டாம், அதனால் அமல்கள் அழிந்துவிடலாம் என்ற வசனம் இறங்கியதும் வீட்டுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். என்ன நடந்தது என்று ஆள் அனுப்பிக் கேட்டபோது, நான் குரலை உயர்த்துபவன், நான் அழிந்துவிட்டேன் என்ற பொருளில் சொன்னார். நீர் நரகவாசியல்ல, சுவர்க்கவாசி என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பினார்கள். வசனம் இறங்கியபோது அவர் யாரையும் சுட்டிக்காட்டவில்லை, தன் மேல் போட்டுக்கொண்டார். நாம் தலைமுறை தலைமுறையாக வசனங்களைப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் போடுகிறோம்.

பிறகு என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். அந்த வொய்ஸ் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கேட்டுப் பார்த்தோம். எமக்கு அனுப்பியவர் இன்னொருவரைக் காட்டினார், அவர் மற்றொருவரை. ஐந்தாவது ஆளோடு வழி அறுந்தது. எனக்கும் யாரோ அனுப்பினதுதான் சேர் என்றார். எல்லோரும் நல்ல மனிதர்கள். எல்லோரும் பேணுதலுக்காகத்தான் அனுப்பினார்கள்.

அதே இரண்டு குரூப்பிலும் எழுதினோம்: நாம் விசாரிக்காமல் அனுப்பினோம், இப்போது நேரில் போய்ப் பார்த்தோம், அது பொய், அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம் என்று. முதல் செய்தியை எத்தனையோ பேர் வேறு குரூப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். திருத்தத்தை யாரும் கொண்டுபோனதாகத் தெரியவில்லை. சிலர் கட்டைவிரல் மட்டும் போட்டார்கள். ஒரு மச்சான் தனியாக எழுதினார், நெருப்பில்லாமல் புகையுமா என்று. 2018 இல் எம்மைப் பற்றியும் இதைத்தானே சொன்னார்கள் என்று பதில் எழுதினோம். அவர் திரும்ப எழுதவில்லை. அதனால் ஒழுங்கையில் வீடு வீடாகப் போனோம். சில வீடுகளில் பிளேன்டீ தந்தார்கள், சில வீடுகளில் சிரித்தார்கள்.

பாண் மாமா இப்போது கிழமையில் மூன்று நாள் வருகிறார். இடையில் வேறு பக்கம் ஒரு சுற்றுப் பிடித்துவிட்டார், அதை விட முடியாது என்கிறார். இன்னும் சில வீடுகள் வாங்குவதில்லை. பொய் என்று தெரியும், ஆனாலும் மனசு ஒரு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். வருந்துபவர்களாக ஆகிவிடுவீர்கள் என்று அந்த வசனம் முடிகிறது. வருத்தத்தால் சரிசெய்ய முடியாத ஒரு மிச்சம் எப்போதும் இருக்கும் என்பதை இப்போது கண்ணால் பார்க்கிறோம்.

அடுத்த பாடத்தில் அந்த மாணவியிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம்: "நீங்க கேட்டது சரி, மகள். அது வேற விஷயம் இல்ல. நாம்தான் பிழை." பிள்ளைகளோடு சேர்ந்து மூன்று தீர்மானங்கள் எடுத்தோம். வீட்டுக்கும் ஒழுங்கைக்கும் அவை பொருந்தும் என்பதால் எழுதுகிறோம்.

1. பேசுபவரின் பெயர் தெரியாத வொய்ஸை, அது எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும், அனுப்புவதில்லை.

2. ஒரு மனிதரைப் பற்றியோ கடையைப் பற்றியோ செய்தி வந்தால், முதலில் அவரிடம் கேட்பது. கேட்க முடியாவிட்டால் மௌனமாக இருப்பது.

3. பிழையான செய்தி எந்தெந்தக் குரூப்புக்குப் போனதோ, திருத்தமும் அந்தந்தக் குரூப்புக்குப் போக வேண்டும். எமது பெயரோடு போக வேண்டும்.

யா அல்லாஹ், 2018 இல் எமது வீடுகளைச் சூழ்ந்த பயத்தை இந்த மண்ணில் எவருடைய வீட்டுக்கும் கொடுத்துவிடாதே. அந்தப் பயத்தை மற்றவருக்குக் கொடுப்பவர்களாக எம்மையும் ஆக்கிவிடாதே. ஆமீன்.

இந்தப் பதிவில் ஸூராவின் விளக்கத்தில் ஏதும் பிழை கண்டால் உலமாக்கள் தயவுசெய்து சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். நாளை புதன்கிழமை, பின்னேரம் நாலரைக்குப் பாண் மாமா வருவார். ஒழுங்கையில் இருப்பவர்கள் படலைக்கு வாருங்கள்.

வஸ்ஸலாம்.